மீன்கொத்தியின் கீழே ஒரு பொட்டு

பாளையங்கோட்டை,
1 ஏப்ரல் 1917.

மாப்பிள்ளை பாக்கியசீலனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் சுகம். உம்முடைய சுகத்துக்கு எழுதவும்.

கவரின் மேல் என் கையெழுத்தைக் கண்டு பயந்திருப்பீர். பயப்பட ஒன்றும் இல்லை. என் தங்கை, உம் பெண்சாதி பாக்கியவதி, திடமாக இருக்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியும், என்னைவிட அழகாகவே எழுதுவாள். ஆனால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறாள். காரணத்தை ஒரு தடவை சொல்கிறேன். மறுபடி கேட்கக் கூடாது.

மாசி மாதம் நீர் யுத்த வேலைக்கு ரயிலேறியபோது யாருக்கும் தெரியாதிருந்த ஒரு காரியம் இப்போது தெரிந்திருக்கிறது. ஐப்பசிக் கடைசியில் பிறக்கும் என்று பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி சொல்கிறாள். முதல் தடவை இந்தச் சந்தோஷத்தை உம் தாயாருக்குத் தன் கையால் எழுதினாள். அந்தப் பிள்ளை ஒரு வாரம்கூட இருக்கவில்லை. இரண்டாம் தடவை நாசரேத்துச் சிநேகிதிக்கு எழுதினாள். அதுவும் தங்கவில்லை. "நான் எழுதுனா நிக்காதுண்ணே. நீயே எழுது. அதையும் ஒரே தடவதான் எழுதணும். பொறவு அந்தப் பேச்சே கடுதாசில வரக் கூடாது" என்கிறாள். வேதம் படித்த வீட்டில் பிறந்தவள் பேசுகிற பேச்சு இது. நான் என்ன செய்ய? இனி அதை 'வீட்டுக் காரியம்' என்று மட்டும் எழுதுவேன். புரிந்துகொள்ளும்.

நான் எப்போதும்போல் இருக்கிறேன். நாலு பையன்களுக்கு வீட்டில் பாடம் சொல்கிறேன். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில், எனக்குக் கீழே வேலை பார்த்த நேசையா சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறான். உட்கார வைத்தது நம் சபைக் கமிட்டி. அதிலிருந்து நான் வேதக்கோயில் வாசலை மிதிக்கவில்லை என்பது உமக்குத் தெரியும். மிதிக்கப் போவதும் இல்லை.

பதில் போடவும்.

அருமைநாயகம்.

*

ஆற்றங்கரைப் பட்டறை,
13 மே 1917.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் பாதம் தொட்டு ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். வீட்டில் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். வீட்டுக் காரியத்தைப் பற்றி நானும் ஒன்றும் எழுத மாட்டேன். எழுதிய உங்களுக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இருக்கும் இடத்தின் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. ஈச்சமரங்கள் நிறைந்த பெரிய ஆற்றங்கரை. நான் வேலை பார்ப்பது ஏரோப்ளேன் பட்டறையில். ஏரோப்ளேன் என்றால் மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து, துணி விறைப்பதற்கு ஒரு வார்னிஷ் பூசியது. அவ்வளவுதான், மச்சான். தைப்பது மேலப்பாளையத்து தாவூது. வார்னிஷும் வர்ணமும் என் வேலை. இறக்கையில் அடையாள வட்டமும் நம்பரும் போடுவேன்.

போன வாரம் மெர்டன் துரை என்று ஒருவர் வந்தார், நம் பள்ளிக்கூடப் பெரிய வகுப்புப் பையன் மாதிரி முகம். தன் ஏரோப்ளேனின் மூக்கில் ஒரு பறவை வேண்டும் என்றார். அவர் தாயார் வீடு ஒரு ஆற்றங்கரையில் இருக்கிறதாம், அங்கே மீன்கொத்தி வருமாம். மீன்கொத்திதானே, நம் ஊர்க் குறுக்குத்துறை ஆற்றில் பார்க்காததா? நீலத்தில் எழுதினேன். முடித்ததும் கை தானாக ஒரு காரியம் செய்துவிட்டது. ஊரில் புது வண்டிக்கு வர்ணம் பூசி முடித்தால் ஓரத்தில் ஒரு கரும்பொட்டு வைப்பேன் அல்லவா? அதுபோல மீன்கொத்தியின் கீழே வைத்துவிட்டேன்.

துரை அதைக் கண்டு என்ன இது என்றார். நான் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாவூதுதான் முதுகில் இடித்தார்: "சொல்லும் வே! துரை கேக்காருல்லா? சிந்திப் போச்சுன்னு மட்டும் சொல்லிராதயும், தொடைக்கச் சொல்லிருவாரு." எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தாய் பிள்ளைக்குக் கன்னத்தில் வைக்கிற பொட்டு, மற்றவர் கண் படாமலிருக்க, என்றேன். துரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

பாக்கியவதிக்கு என் அன்பு.

பாக்கியசீலன்.

*

பாளையங்கோட்டை,
17 ஜூன் 1917.

மாப்பிள்ளைக்கு,

இங்கே யாவரும் க்ஷேமம். குற்றாலத்துச் சாரல் காற்று இவ்வளவு தூரம் வந்து முகத்தில் அடிக்கிறது. உமது ஊர் வெயிலுக்கு இதில் கொஞ்சம் கட்டி அனுப்ப முடிந்தால் அனுப்புவேன்.

நீர் ஞானஸ்நானம் பெற்றவர். உம் பாட்டனார் உபதேசியாராக இருந்தவர். ராஜாங்கத்து ஆகாயக் கப்பலுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தேன் என்று கூசாமல் எழுதுகிறீர். கடிதத்தைத் தணிக்கை செய்கிற அதிகாரி படித்து நம் ஜனத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? ஒரு சமாதானம், படித்தவன் ஒரு வெள்ளைக்காரன். நம் கமிட்டியாள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். உம் கடிதத்தை நான் வாசிக்க, பாக்கியவதி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "சிந்திப் போச்சுன்னு சொல்லிராதயும்" என்ற இடத்தில் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நீர் போனதிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. "அந்த எடத்த இன்னொரு தடவ வாசிண்ணே" என்றாள். வாசித்தேன். மீன்கொத்தியின் அலகுக்கு என்ன வர்ணம் கொடுத்தீர் என்று கேட்கச் சொல்கிறாள்.

பொட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. ஆயினும் இதுபோன்ற விஷயங்களை நீளமாக எழுதவும்.

வீட்டுக் காரியம் சரியாக இருக்கிறது.

அருமைநாயகம்.

*

ஆற்றங்கரைப் பட்டறை,
22 ஜூலை 1917.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கண்டதும் குறுக்குத்துறையில் குளித்து எழுந்ததுபோல இருந்தது.

அலகு கறுப்பு என்று பாக்கியவதியிடம் சொல்லுங்கள். கீழ் அலகில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

மெர்டன் துரையின் ஏரோப்ளேன் போன மாதம் துணியெல்லாம் ஓட்டையாகத் திரும்பி வந்தது. குண்டு துளைத்த ஓட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் தாவூது வட்டத் துணி வைத்து ஒட்டுப் போட, நான் வார்னிஷ் பூசினேன். துரைக்கு நகக்கீறல்கூட இல்லை. மறுநாள் வேறொரு துரை வந்து வாசலில் நின்றார். சொல்ல வெட்கப்பட்டு, தன் ஏரோப்ளேனைக் காட்டி, பிறகு தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு இன்னொருவர்.

மச்சான், நாம்தான் இதற்கெல்லாம் வெட்கப்படுகிறோம். இவர்களில் ஒருவர் சட்டைக்குள் துணிக் கரடி வைத்துக்கொண்டுதான் பறக்கிறார். இன்னொருவர் புறப்படும் முன் போட்டோ எடுக்க விடமாட்டார். எல்லோருக்கும் ஒரு தாய் இருக்கிறாள், தூரத்தில்.

கடைசியில் மேஜர் துரை பார்த்துவிட்டார். எல்லோரையும் நிற்க வைத்து, இது என்ன கறுப்பு என்று கேட்டார். மெர்டன் துரை முன்னால் வந்து ஏதோ சொன்னார். மேஜர் இரண்டு பொட்டுகளை மாறி மாறிப் பார்த்து, "எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும்" என்றார். இப்போது இந்த ஸ்குவாட்ரன் படைப்பிரிவின் ஏரோப்ளேன் எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளம். தாவூது என்னை "பொட்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுகிறார்.

சாப்பாடு கொஞ்சம் பிடிக்கவில்லை. வெயில்தான். மணல் பறக்கிறது என்று பட்டறைக் கதவை அடைத்துவிட்டே வார்னிஷ் பூசுகிறோம்.

வீட்டுக் காரியத்துக்காக ஜெபத்துடன்,

பாக்கியசீலன்.

*

பாளையங்கோட்டை,
9 செப்டம்பர் 1917.

மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். அங்கே எப்படி?

ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரன் தெருவில் திரும்பும்போதே உம் பெண்சாதி எழுந்துவிடுகிறாள். அவள் அப்படிச் சட்டென்று எழுந்திருக்கக் கூடாத சமயம் இது. "சாப்பாடு பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தீர். அந்த வரியை நான் வாசிக்காமல் தாண்டினேன். அவளோ பிறகு கடிதத்தை வாங்கித் தானே படித்திருக்கிறாள். "அண்ணே, வெயில்னா பசி போவும், சரி. பட்டறக் கதவ அடச்சத எதுக்கு எழுதுதாக?" என்று கேட்கிறாள். நீரே சொல்லும்.

ஒரு கார்டாவது போடும்.

அருமைநாயகம்.

*

அல்லாஹ்வின் கிருபையை முன்னிட்டு,
30 செப்டம்பர் 1917.

பாளையங்கோட்டை அருமைநாயகம் அண்ணாச்சி சமூகத்துக்கு, மேலப்பாளையம் தாவூது ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் வீட்டாரும் ஆபியத்தோடு, நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன்.

என்னைப் பற்றிப் பாக்கியசீலன் எழுதியிருப்பார். எழுத வேண்டாம் என்று அவர் என்னைத் தடுத்தார். உங்கள் கார்டு வரவில்லையா என்று தினமும் கேட்கிறவரைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முதலில் கண் மஞ்சளாயிற்று, பிறகு மேலெல்லாம் மஞ்சள். அந்த வார்னிஷ் வாடைதான் என்று டாக்டர் சொல்கிறார். நான் ஊசி பிடிக்கிறவன், தள்ளி நிற்பேன். அவர் நாள் முழுதும் அதற்குள்ளேயே நின்றார். ஒரு வாரம் எங்களை அடையாளம் தெரியாமல் கிடந்தார். இப்போது அல்லாஹ் காப்பாற்றிவிட்டான், கஞ்சி இறங்குகிறது. நிஜமாகச் சொல்கிறேன், ஆறுதலுக்காக அல்ல.

மெர்டன் துரை செய்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கூலி ஆட்களின் கொட்டகைக்கு வந்து, கிடந்தவரைப் பார்த்து, டாக்டரைக் கையோடு கூட்டி வந்தார். தங்களுக்கு வருகிற ஐஸில் பாதியை இவருக்கு அனுப்பினார். இனி இவரை வார்னிஷ் பக்கம் விடக் கூடாது என்று மேஜரிடம் எழுதி வாங்கினார். பட்டறையில் இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் பூசுகிறார்கள்.

நேற்று நான், "என்ன வே பொட்டுக்காரரே, ஊருக்கெல்லாம் பொட்டு வச்சீரு, உமக்கு ஒண்ணு வச்சீரா?" என்று கேட்டேன். சிரித்தார். சிரித்ததால்தான் இதை எழுதத் தைரியம் வந்தது.

வீட்டில் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள், அண்ணாச்சி. அவருக்கு அதுவே மருந்து.

உங்கள் துஆவை நாடும்,
தாவூது.

*

பாளையங்கோட்டை,
4 நவம்பர் 1917.

மாப்பிள்ளைக்கு,

தாவூதின் கடிதம் கிடைத்தது. அவருக்கு என் வந்தனம். நீர் தேறி வருவது அறிந்து கர்த்தரைத் துதிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

இங்கே நல்ல மழை. ஆற்றில் செம்மண் தண்ணீர் போகிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் வயலும் ஆறும் ஒன்றாகத் தெரிகின்றன. பிசான நெல் நாற்று தப்புமா என்று எல்லோருக்கும் கவலை. சபைக் கமிட்டி இந்த வருஷம் கோயில் மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது பற்றி மூன்று கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கும் வரவில்லை. நான் இருந்த காலத்தில் ஒரே கூட்டத்தில் முடித்திருப்பேன். மணிக்கூண்டின் மேற்கு முகம் பாசி பிடித்துப் பார்க்கச் சகிக்கவில்லை. சுண்ணாம்புக்கு ஆள் பிடிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடித்த லட்சணத்தை என்ன சொல்ல.

நேசையாவின் வண்டி நம் தெருவுக்கு வந்தது. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

மிளகு ரசம் கிடைத்தால் சாப்பிடும்.

அருமைநாயகம்.

*

ஆற்றங்கரைப் பட்டறை,
3 டிசம்பர் 1917.

மச்சான் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் எழுந்து நடமாடுகிறேன். வெளியில் காற்றோட்டத்தில் உட்கார்ந்து நம்பர் எழுதும் வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஆறு இருக்கிறது, நாற்று இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது. வீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சரியாக இருக்கிறது என்றுகூட இல்லை. ஐப்பசி முடிந்துவிட்டது, மச்சான்.

நான் நோயாளி என்று மறைக்கிறீர்கள். நானும் உங்களிடம் மறைத்தவன்தான். அதனால் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. ஆனால் மூன்றாவது தொட்டிலும் காலி என்றால் அதை எழுதிவிடுங்கள். பாக்கியவதி தனியாக அழுதுகொண்டிருக்க, நான் இங்கே நம்பர் எழுதிக்கொண்டிருப்பது நியாயம் அல்ல.

இதைக் கொண்டுவருகிறவர் தாவூது. அவருக்கு லீவு கிடைத்திருக்கிறது. அவர் கையில் ஒரு துணி தருகிறேன். மெர்டன் துரையின் ஏரோப்ளேன் போன மாதம் எஞ்சின் நின்றுபோய்ப் பாலைவனத்தில் இறங்கிவிட்டது. சட்டம் முறிந்தது, துரையின் காலும் முறிந்தது, ஆனால் ஆள் பிழைத்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஏரோப்ளேன் இனி ஆகாது என்று தள்ளிவிட்டால், அதில் எழுதிய படத்தை மட்டும் துணியோடு வெட்டி எடுத்து அந்தத் துரை வைத்துக்கொள்வார். மெர்டன் துரை அதை வெட்டி வாங்கி, கப்பல் ஏறும் முன் என்னிடம் கொடுத்தார். "இது ஒவ்வொரு தடவையும் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. உன் வீட்டுக்கு அனுப்பு" என்றார். வீட்டுக் காரியத்தை அவரிடம் நான் சொன்னதே இல்லை. தாவூது சொல்லியிருக்க வேண்டும்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது, நன்றாக வாழ்ந்தவர் உடுத்திய பழந்துணிதான் ஆகும் என்பார்களே. இதைவிடப் பலமுறை பிழைத்துவந்த துணி என்னிடம் இல்லை. தேவைப்படாது என்றால் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பாக்கியசீலன்.

*

பாளையங்கோட்டை,
29 டிசம்பர் 1917.

மாப்பிள்ளை பாக்கியசீலனுக்கு,

முதலில் இதைப் படியும்: உமக்கு ஒரு பெண் பிள்ளை. உயிரோடு, சுகமாக, இந்த நிமிஷம் வீறிட்டு அழுதுகொண்டு இருக்கிறாள். தாயும் சுகம்.

எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். நாள் ஆகும் முன்னே பிறந்துவிட்டாள். ஒரு கைப்பிடி இருந்தாள். அழத் தெம்பில்லை, பால் குடிக்கவில்லை. பிறகு காய்ச்சல். நான் அந்தக் கடிதம் எழுதிய தினத்தில் அவள் இருப்பாளா என்பது எங்களுக்குத் தெரியாது. நீரோ ஆஸ்பத்திரியில் கிடந்தீர். எதை எழுத? மணிக்கூண்டை எழுதினேன். இனிப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதே போன வாரம்தான்.

காய்ச்சல் கண்ட மத்தியானம் மழை கொட்டியது. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஜட்கா வரவில்லை. குடையோடு தெருவில் நின்றேன். வில்வண்டி ஒன்று வந்தது. உள்ளே நேசையா, கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் வண்டியை நிறுத்தி, "ஏறும் வே! சண்டய நாளைக்குப் போட்டுக்கிடலாம்" என்றான்.

பாக்கியவதியும் பிள்ளையுமாக ஏறினோம். ஒழுகுகிற பக்கத்தில் அவன் உட்கார்ந்து, என் குடையைப் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் வந்து சொல்லும்வரை ஈரச் சட்டையோடு பெஞ்சில் இருந்தான். அன்று கூட்டம் நடக்கவில்லையாம். அந்தக் கமிட்டி தன் சரித்திரத்தில் செய்த ஒரே நல்ல காரியம். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "குடையப் பிடியும், கை வலிக்கி" என்றான். வாங்கிக்கொண்டேன். நன்றி பாக்கி நிற்கிறது.

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கப்படி, ஞானசௌந்தரி பிள்ளையை ஒரு கைத் தவிட்டுக்கு வாங்குகிறேன் என்று வாங்கி, திருப்பிக் கொடுத்து, பிச்சைக்கண்ணு என்று கூப்பிடுகிறாள். ஞானஸ்நானப் பெயர் நீர் வந்து வையும்.

தாவூது நேற்று வந்தார். துணியை விரித்தால் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. "இதைப் பிள்ளைக்கு எப்படி வே சுத்த?" என்றேன். "சுத்தாதிய அண்ணாச்சி, தொட்டிலுக்கு மேல கட்டுங்க. இது மேலயே இருந்து பழகின துணிலா" என்றார். கட்டினோம். காற்றில் சடசட என்கிறது. பாக்கியவதி நீலத்தைக் காட்டுகிறாள், அலகைக் காட்டுகிறாள். பிள்ளை ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தக் கரும்பொட்டை மட்டும் கண் கொட்டாமல் பார்க்கிறது. அழுகை நின்றுவிடுகிறது.

பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். என் வீட்டில் அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். துணியில் இருப்பது உம் பட்டாளத்து அடையாளம்; அது வேறு.

மெர்டன் துரைக்கு எழுத விலாசம் இருந்தால் அனுப்பும். இங்கிலீஷில் எனக்கு இன்னும் நாலு வரி ஒழுங்காக எழுத வரும்.

அருமைநாயகம்.

*

பாளையங்கோட்டை,
3 ஜனவரி 1918.

என் பிரியமான அத்தானுக்கு,

பாக்கியவதி எழுதுகிறேன். ஆம், நான்தான். எழுதி வெகுநாளாயிற்று, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பிள்ளை மடியில் தூங்குகிறாள். உங்கள் மூக்கு. இனி எழுதலாம் என்று தோன்றிவிட்டது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எனக்கு எழுதுங்கள், அண்ணனுக்கு அல்ல.

புத்தாண்டுக் காலையில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ தனியாக எப்படிப் போவாய்" என்று சொல்லி என்னோடு கோயிலுக்கு வந்தான். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். தோத்திரக் காணிக்கைத் தட்டு வந்தபோது ஒரு சீட்டைச் சுருட்டிப் போட்டான். காணிக்கைச் சீட்டுகளைப் பாதிரி ஐயர் ஒவ்வொன்றாக வாசித்தார். மகன் பரீட்சை தேறினதற்காக, தொலைந்த மாடு கிடைத்ததற்காக. பிறகு, "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், தக்க சமயத்தில் வந்து நின்ற ஒரு வண்டிக்காக" என்று வாசித்தார். அத்தான், கோயில் முழுவதும் திரும்பி எங்கள் தூணைப் பார்த்தது. அண்ணன் கூரையைப் பார்த்தான். நேசையா அண்ணாச்சி பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது, "என்ன வே, தூணு நல்லா இருந்துச்சா?" என்று நேசையா அண்ணாச்சி கேட்டார்கள். "மணிக்கூண்டுக்கு முதல்ல சுண்ணாம்பு அடியும்" என்று அண்ணன் சொன்னான். இருவரும் ஆஸ்பத்திரி முக்குவரை அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள்.

இன்னொன்று. இதை அண்ணனுக்கு எழுதிவிடாதீர்கள்.

இன்று காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வலது உள்ளங்காலில் ஒரு பொட்டு இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒரே வட்டமாக. ஞானசௌந்தரி அக்கா தான் வைக்கவில்லை என்கிறாள். நானும் வைக்கவில்லை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அது கண்மை அல்ல, அத்தான். எழுதுகிற மை.

நம் வீட்டில் மைப்புட்டி ஒன்றுதான் இருக்கிறது, அண்ணன் மேஜையில். அதில் தொட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
பாக்கியவதி.